எல்லோருக்கும் ஒரே அங்கிள்

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

ஊசி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். அங்கே நீங்களும் அத்தையும் பக்கத்து வீட்டில் என் அம்மாவும் சௌக்கியமா? அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா ரத்தக்கொதிப்பு மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை பழையபடி தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறாளா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று மூக்கின்மேல் விரல் வைக்காதீர்கள். இந்தப் பயிற்சி மையத்தில் வாசலிலேயே போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தேர்வு முடிந்தால்தான் திரும்பி வரும். தமிழில் வாயைத் திறப்பதும் குற்றம். பிடிபட்டால் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு 'எனக்குப் பிடித்த பருவம்' பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும். கரும்பலகைக்கு என் மழைக்காலம் இப்போது மனப்பாடம். கையால் தமிழ் எழுதக்கூடாது என்று மட்டும் சட்டம் போட மறந்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இங்கிலீஷ் தேர்வில் படிப்பு, எழுத்து, கேட்பது மூன்றிலும் தேறியாயிற்று. பேச்சில்தான் இரண்டு முறையும் அரை மதிப்பெண்ணில் கவிழ்ந்தேன். கடல் கடந்த அந்த ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் எனக்கென்று வைத்திருக்கும் நர்ஸ் வேலையை அக்டோபர் வரைதான் காத்து வைப்பார்களாம். ஆகஸ்டில் மூன்றாவது முறை எழுதுகிறேன். இதுவும் போனால் அந்த வேலை போனதுதான்.

ஆனால் இந்த முறை கவலை இல்லை. எங்கள் வாத்தியாருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அச்சு சார். எதைக் கொடுத்தாலும் ஒரே அச்சில் வார்த்து எடுத்துவிடுவார். தமிழ் பேசக்கூடாது என்ற சட்டம் எங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. முதல் நாளே மேசை மணியை டிங் என்று தட்டிவிட்டுச் சொன்னார்: "கேள்வி நூறு விதமா வரும்மா. பதில் ஒண்ணு இருந்தா போதும். இன்னையிலேர்ந்து உங்க எல்லாருக்கும் ஒரே அங்கிள்."

அந்த அங்கிள் ஓய்வு பெற்ற தபால்காரர். நீங்கள் மதிக்கும் மனிதர் யார் என்றால் அங்கிள். உங்களுக்குக் கிடைத்த பரிசு என்றால் அங்கிள் கொடுத்த சைக்கிள். மறக்க முடியாத பயணம் என்றால் அந்த சைக்கிளில் அங்கிளோடு போன கடற்கரை. எந்தக் கேள்வி வந்தாலும் அங்கிளை உள்ளே இறக்கிவிட வேண்டியது. இரண்டு நிமிடம் ஆனதும் டிங்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மருமகள்,
ஊசி


ஜூன் 15

அன்பு மருமகள் ஊசிக்கு,

மாமன் எழுதுவது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அத்தைக்குப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது, என்னைத் திட்டும்போது வலிப்பதில்லை. உன் அம்மாவின் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு மாத்திரை. ஒரு வாரம் எதிரிலேயே நின்று விழுங்க வைத்தேன். உன் உடம்பு எப்படி? அங்கே போயும் டீயையே குடித்துக்கொண்டு கிடக்காதே.

அது கிடக்கட்டும். யார் அந்த அங்கிள்?

குத்துக்கல் மாதிரி உன் சொந்த மாமன் ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் நான். முட்டி பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். நீ என்னடாவென்றால் எவனோ ஒரு தபால்காரன் சைக்கிள் கொடுத்தான் என்று வெள்ளைக்காரரிடம் போய்ச் சொல்லப் போகிறாய். அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "டிரைவிங் ஸ்கூல் மாமான்னு சொன்னா மார்க் குறைப்பாங்கன்னு விட்டிருப்பா" என்கிறாள். அந்த அங்கிளுக்கு வயது என்ன, குடிப்பானா, எத்தனை பிள்ளைகள், எல்லாம் விவரமாக எழுது.

மற்றபடி அச்சு சார் செய்வதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. நான் என்ன செய்கிறேன்? தேர்வு மைதானத்தில் எட்டு போடும் இடத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கம்பம் நிற்கிறது. "சைடு கண்ணாடியில சிவப்புக் கம்பம் தெரிஞ்சா ஸ்டியரிங்கை முழுசா ஒடி, வெள்ளைக் கல்லு கதவுக்கு நேரா வந்தா திருப்பு. வேற எதையும் பாக்காத, வேற எதையும் யோசிக்காத." இவ்வளவுதான் என் பாடம். வருகிறவனுக்கு லைசென்ஸ்தானே வேண்டும், நாட்டியமா ஆடப் போகிறான்? நம் ஸ்கூலில் சேர்ந்து தோற்றவன் கிடையாது என்று போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். சார் சொல்படி கேள். அந்த அங்கிளை மட்டும் கொஞ்சம் அடக்கி வை.

இப்படிக்கு,
உன் சொந்த, உண்மையான, உயிரோடிருக்கிற மாமன்


ஜூலை 1

அன்புள்ள சொந்த, உண்மையான மாமாவுக்கு,

நான் சுகம். டீயை மூன்றாகக் குறைத்திருக்கிறேன். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் எழுதுங்கள். அம்மாவுக்குக் காவல் நின்றதற்கு நன்றி.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அங்கிளுக்கு வயது அறுபத்திரண்டு. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, கோபப்பட்டதே இல்லை. தினம் விடிகாலையில் எழுந்து ஓடுகிறார், ஏனென்றால் உடல்நலம் பற்றிக் கேள்வி வரும். மரம் நடுகிறார், சுற்றுச்சூழல் பற்றிக் கேள்வி வரும். பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டுகிறார், தொழில்நுட்பம். பிள்ளைகள் எத்தனை என்பதில் வகுப்பில் ஒரு சண்டையே நடந்தது. என் அறைத்தோழி ஒரு பல் டாக்டர், அவள் இரண்டு என்றாள். பின் வரிசை எஞ்சினியர், பிள்ளையே இருக்கக்கூடாது, இருந்தால் நமக்கு எதற்கு சைக்கிள் கொடுக்கிறார் என்றார். அச்சு சார் யோசித்துவிட்டு, "ஒரே பொண்ணு. ஹாஸ்டல்ல இருக்கா" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கிள் ஓய்வு பெற்ற நாளைப் பற்றிப் பேசும்போது பல் டாக்டர் நிஜமாகவே கண் கலங்கிவிட்டாள். உங்களுக்குப் பொறாமையாக இருந்தால் நீங்களும் இரண்டு மரம் நடுங்கள். அங்கிள் வெளிநாட்டுக்காரர்களிடம் சரளமாக இங்கிலீஷ் பேசுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதிரித் தேர்வில் எனக்குத்தான் முதலிடம். மணி அடிப்பதற்குள் சரியாக முடிக்கிறேன்.

ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை சோப்பு வாங்க வெளியே விட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு வெளிநாட்டு அம்மாள் முதுகில் பெரிய பையோடு என்னிடம் வந்து, தபால் நிலையம் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாள். தபால் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். "ஓய்வு பெற்ற தபால்காரரான என் அங்கிள் என் வாழ்வில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியவர்" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. நிறுத்தத்தான் முடியவில்லை. சைக்கிள் வரைக்கும் போனேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மிக்க மகிழ்ச்சி என்று சொல்லி வேறு யாரிடமோ போய் வழி கேட்டாள். தபால் நிலையம் எதிர்ச்சாரியில்தான் இருந்தது.

பல் டாக்டரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நீங்களும் சிரியுங்கள்.

ஊசி


ஜூலை 19

அன்பு மருமகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அத்தையும் அக்காவும் நலம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கப்பலேறிவிட்டது.

பதில் தாமதமானதற்கு இரண்டு காரணம். சனிக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது. அதை விடு. இன்னொன்றுதான் பெரிய கதை.

மைதானத்தில் பெயின்ட் அடிப்பதற்காக அந்தச் சிவப்புக் கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கென்று பார்த்து நம் ஆட்கள் ஆறு பேர். முதலில் இறங்கியவர் பேங்க் மேனேஜர். கண்ணாடியைப் பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே போகிறார். கம்பம் வந்தால்தானே ஒடிப்பார்? நேராகப் போய் ஆய்வாளரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். நல்ல காலம், ஆய்வாளர் டீ வாங்க எழுந்து போயிருந்தார். அடுத்து வந்த துணிக்கடைக்காரம்மா நடு மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாஸ்டர், கம்பம் எங்க மாஸ்டர்?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஆறு பேரும் அவுட். ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தீங்களா, கம்பம் பாக்கக் கத்துக் குடுத்தீங்களா?" என்றார்.

இப்போது ஆறு பேரையும் மார்க்கெட் தெருவுக்குள் ஓட்டிப் போகிறேன். குறுக்கே ஆள் வருகிறான், தள்ளுவண்டி வருகிறது, நாய் படுத்திருக்கிறது. எங்கே ஒடிப்பது என்று நான் சொல்வதில்லை. மேனேஜருக்கு வியர்த்து வழிகிறது, ஆனாலும் ஓட்டுகிறார்.

உன் பஸ் நிறுத்தக் கதையைப் படித்து அத்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த அங்கிளை யாராவது கழற்றிக்கொண்டு போய்விட்டால் நீ என்ன பேசுவாய்?

மாமன்


ஆகஸ்ட் 2

மாமாவுக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய விருப்பம்.

தேர்வு இருபதாம் தேதி. இந்த நேரத்தில் இப்படியா எழுதுவது? இரண்டு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டவள் நான். நீங்கள் இல்லை. இந்த அங்கிளைப் பிடித்துக்கொண்டுதான் நான் கரையேற வேண்டும். எனக்கு வேறு கட்டை இல்லை.

உங்களுக்கு அங்கிளைப் பிடிக்கவில்லை என்பதற்காக என்னைப் பயமுறுத்த வேண்டாம்.

ஊசி


ஆகஸ்ட் 9

கண்ணு ஊசிக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் பேனா பிடித்தே வருஷக்கணக்காகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. என் முழங்கால் தேவலை. உன் அம்மாவும் தேவலை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மாமா முகம் சுருங்கிப் போய்விட்டது. "நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலையே" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டார். பதில் எழுத உட்கார்கிறார், கிழிக்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன். வாய் கொஞ்சம் நீளமே தவிர உன்மேல் அவருக்கு உயிர். உனக்குத் தெரியாததா?

இன்னொரு விஷயம், உன் காதில் மட்டும் போடுகிறேன். சனிக்கிழமையானால் மனுஷன் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை என்று கிளம்பிவிடுகிறார். எங்கே என்றால் "வேலை" என்கிறார். திரும்பி வந்ததும் மாடியில் தனியாக உலாத்திக்கொண்டு என்னவோ முணுமுணுக்கிறார். போன வாரம் தூக்கத்தில் "எக்ஸ்கியூஸ் மீ" என்றார். இந்த வயதில் எந்த மகராசியிடம் எக்ஸ்கியூஸ் கேட்கிறார் என்று தெரியவில்லை. நீ பரீட்சையை முடித்துவிட்டு வா, இரண்டு பேருமாக விசாரிப்போம்.

தைரியமாகப் போய் எழுது. எழுது இல்லை, பேசு.

அத்தை


ஆகஸ்ட் 22

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசும் நன்றாக இருக்கிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை, ஏனென்றால் தேர்வைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இதை போனில் சொன்னால் மாமா நடுவில் நடுவில் கத்துவார். அதனால் எழுதுகிறேன்.

சின்ன அறை. இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி. தேர்வாளர் வயதான வெள்ளைக்கார அம்மாள், பாவம் சளி பிடித்து மூக்கெல்லாம் சிவந்திருந்தது. ஒரு அட்டையை நீட்டினார். உங்களுக்கு எதையாவது கற்றுத் தந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். "ஓய்வு பெற்ற தபால்காரரான என் அங்கிள்" என்று தொடங்கினேன்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் மையத்திலிருந்து அன்று உள்ளே போனவர்களில் நான் ஐந்தாவது ஆள். "சைக்கிள் கொடுத்தாரே, அவரா?" என்று கேட்டார். கோபமே இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு அடுத்த கேள்வி கேட்டார்: "அவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

மாமா, அங்கிளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். அவருடைய பெண் எந்த ஹாஸ்டலில் இருக்கிறாள் என்பதுகூடத் தெரியும். இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும் எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நாக்கு போய் மேலே ஒட்டிக்கொண்டது. உங்கள் துணிக்கடைக்காரம்மாதான் கண் முன்னால் வந்தார். கம்பம் எங்க மாஸ்டர்?

"அவர் இல்லை" என்றேன்.

"ஐயோ, வருந்துகிறேன். எப்போது இறந்தார்?"

"இறக்கவில்லை. பிறக்கவே இல்லை" என்றேன்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை, வாய் திறந்துகொண்டது. எனக்கு நிஜமாகவே ஒரு மாமா இருக்கிறார், வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவர், அவருக்கு அந்த அங்கிள்மேல் பொறாமை என்றேன். மைதானத்துக் கதையை முழுசாகச் சொன்னேன். கம்பத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை, எழுந்து நின்று விறைத்துக் காட்டினேன். ஆய்வாளர் நாற்காலியை, என் நாற்காலியைத் தள்ளியே காட்டினேன். நேற்று நடந்ததை நாளை நடப்பது போலச் சொன்னேன். 'மேலும்', 'இதற்கு நேர்மாறாக' என்று சார் கொடுத்த அலங்காரச் சொற்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. அந்த அம்மாள் குறுக்கே குறுக்கே கேட்டார், நானும் குறுக்கே குறுக்கே சொன்னேன். கடைசியில், "சரி, அந்த மாமா உங்களுக்கு என்ன கற்றுத் தந்தார்?" என்றார்.

"கம்பம் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். நான் அவர்மேல் கோபப்பட்டேன். அவர் கேட்டது சரி" என்றேன்.

நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருவருமே கவனிக்கவில்லை. தேறமாட்டேன் என்றே நினைக்கிறேன், அவ்வளவு பிழை. ஆனால் என் வாழ்நாளில் முதன்முதலாக ஒருவரோடு இங்கிலீஷில் பேசியது அன்றுதான் மாமா. அந்தக் கடிதத்துக்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

ஊசி

பி.கு.: அத்தை, சனிக்கிழமை விஷயத்தில் துப்பு ஏதும் கிடைத்ததா?


ஆகஸ்ட் 30

என் தங்க மருமகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், நலம், நலம். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது.

உன் கடிதத்தை அத்தைக்கு ஒரு முறை, அக்காவுக்கு ஒரு முறை, பேங்க் மேனேஜருக்கு வண்டியை ஓரம் கட்டி ஒரு முறை படித்துக் காட்டினேன். அக்கா அழுதாள். மேனேஜர் நாற்காலி விஷயம் வெளிநாடு வரை போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். அவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கிடைத்துவிட்டது. துணிக்கடைக்காரம்மாவுக்கு இன்னும் நாயைக் கண்டால் பயம். போர்டில் 'தோற்றவன் கிடையாது' என்ற வரியை அழித்துவிட்டேன்.

என்னைப் பற்றி அந்த அம்மாளிடம் என்னென்ன சொன்னாய்? உயரம் சொன்னாயா? நீ தேறினாலும் தேறாவிட்டாலும் என் மருமகள் என் பேரை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள், எனக்கு அது போதும். எனக்குப் போதும், உனக்குப் போதாது என்று தெரியும். முடிவு வந்த அடுத்த நிமிடம் சொல்.

பி.கு. எல்லாம் பார்த்தேன். அத்தைக்கும் உனக்கும் வேறு வேலை இல்லையா?

மாமன்


செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வர எனக்குப் பொறுமை இல்லை. போனில் கத்திச் சொன்னதைத் தாளிலும் ஒரு முறை எழுதிப் பார்க்க ஆசை. தேறிவிட்டேன். இரண்டு முறையும் குறைந்துபோன அந்த அரை மதிப்பெண் கிடைத்துவிட்டது, மேலே இன்னொரு அரையும் சேர்ந்து. ஆஸ்பத்திரியில் அக்டோபர் கடைசியில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

சான்றிதழ் வாங்க மையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் உள்ளே போன நால்வரில் மூவர் தேறவில்லை. பல் டாக்டர் டிசம்பரில் மறுபடி எழுதுகிறாள். நடந்ததை எல்லாம் அச்சு சாரிடம் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வகுப்புக்குள் போய் மணியைத் தட்டி, "எல்லாரும் எழுந்திருங்க. அங்கிள் தவறிட்டார்" என்றார். பின் வரிசை எஞ்சினியர் உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு நிமிட மௌனம். பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்தாள். பிறகு சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி. நாளையிலேர்ந்து ஆன்ட்டி. ரிட்டையர்ட் லைப்ரரியன்" என்றார்.

அவரைத் திருத்த முடியாது மாமா. ஆனால் நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "உங்க மாமா நெஜமாவே அப்படிக் கேட்டாராம்மா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

மூட்டை கட்ட ஊருக்கு வருகிறேன். அம்மாவின் தலையணைக்கு அடியில் பார்த்து வையுங்கள்.

ஊசி


டிசம்பர் 20

அன்பு மருமகள் ஊசிக்கு,

மாமன் எழுதுவது. அக்கா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள். அத்தையும் நானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கேன் மாமா, ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று இரண்டே வரி. போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு கடிதம் இல்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

அத்தை ஜெயித்துவிட்டாள். சனிக்கிழமை என் பின்னாலேயே வந்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். நூலகத்து மாடியில் இங்கிலீஷ் பேசிப் பழகும் கூட்டம் ஒன்று நடக்கிறது. ஜூலையிலிருந்து போகிறேன். அந்த அங்கிள் சரளமாக இங்கிலீஷ் பேசுவார் என்று எழுதினாயே, அந்த வயிற்றெரிச்சலில்தான் போய்ச் சேர்ந்தேன். பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். லேத் பட்டறைக்காரர் ஒருவர், பேக்கரிக்காரம்மா ஒருவர், கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அந்தப் பெரியவர் ஒன்பது வருஷமாக வருகிறாராம். "எப்ப சார் கத்து முடிப்போம்?" என்று முதல் நாள் அவரிடம் கேட்டேன். "முடிக்கவா வந்தோம்?" என்றார். முடிக்கத்தான் வந்தேன் நான். இப்போது எனக்கும் அந்த அவசரம் போய்விட்டது.

திட்டாதே, ஒன்று சொல்கிறேன். முதல் மாதம் 'நீங்கள் மதிக்கும் ஒருவர்' என்று என் முறை வந்தபோது நான் உன் அங்கிளைத்தான் இறக்கினேன். உன் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு அவர்தான் மனப்பாடம். தபால்கார அண்ணன் என்று மாற்றிக்கொண்டேன். எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

போன சனிக்கிழமை மறுபடி அதே கேள்வி. இந்த முறை உன்னைச் சொன்னேன். ஒரு கைப்பிடிக் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஊசி போடுகிறவள் என் மருமகள், இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை எழுந்தவள் என்றேன். தப்பும் தவறுமாகத்தான். உன் மாதிரியே எழுந்து நின்று கையை ஆட்டித்தான். பேக்கரிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவள் இப்போது எப்படி இருக்கிறாள்?"

எல்லாம் சொன்னவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, ஊசி. 'நல்லா இருக்கேன் மாமா' என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

மாமன்


ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். 'நல்லா இருக்கேன்' என்பதும் ஒரு அச்சுதான். நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சொல்கிறேன். கால் வலிக்கிறது. இங்கே குளிர், இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறேன். முதல் மாதம் பாதி புரியவில்லை. மருந்து, அளவு, மானிட்டர் எல்லாம் புரியும். சாப்பாட்டு அறையில் எல்லோரும் சிரிக்கும்போது மட்டும் எதற்கென்று தெரியாது. அவர்கள் சிரித்து முடிக்கும்போது நான் ஆரம்பிப்பேன். ஒரு நாள் லிஃப்டில் அழுதேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் மறுபடி அழுதுவிடுவேன் என்றுதான் அவசரமாக வைத்தேன்.

இப்போது அப்படி இல்லை. புரியாவிட்டால், "என்ன ஜோக், எனக்கும் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். சொல்கிறார்கள். பாதி ஜோக் நன்றாகவே இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிறந்த ஒரு பயல், என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். அவன் அம்மா தினமும் வந்து கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எப்படி இருக்கிறான் என்று கேட்பாள். நிலை சீராக இருக்கிறது என்று சொல்வோம், அதுதான் இங்கே வழக்கம். அவள் தலையை ஆட்டிவிட்டு அப்படியே நிற்பாள். அன்று நான், "இப்போதுதான் கொட்டாவி விட்டான். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். இவன் ரொம்ப..." என்றேன். பிடிவாதத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று வரவில்லை. விரல்களை இறுக்கி மூடி, உதட்டைக் கடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை. "அவன் அப்பா மாதிரி" என்று சொல்லி அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் திருப்பிச் சொன்னேன். தப்பு என்று சொல்லி மறுபடி சொல்ல வைத்தாள்.

அதனால் மாமா, பேக்கரிக்காரம்மாவிடம் நான் நலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கால் வலியைச் சொல்லுங்கள், லிஃப்டைச் சொல்லுங்கள், இரண்டு காலுறையைச் சொல்லுங்கள். அந்தப் பயல் விரலைப் பிடித்ததைச் சொல்லுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லி முடிக்க உங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகட்டும். அங்கே மணி அடிக்க யாரும் இல்லை.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முழுசாக எழுதுங்கள்.

உங்கள்
ஊசி